வகுப்பறையை மட்டும் விடாதே

கண்ணு,

கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. சிற்றிதழ்களில் கவிதைகள் வரத் தொடங்கிவிட்டன. மனித உரிமை அமைப்பின் உண்மை அறியும் குழுவோடும் ஊர் ஊராகப் போய்வருகிறாய். மூன்றையும் சேர்த்து இழுக்க முடியுமா, எதை விடலாம் என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் வந்திருக்கும். பெரியப்பாவிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு மனிதரை வைத்துச் சொல்கிறேன். பெயர் பியன்வெனிடோ லும்பெரா. பிலிப்பைன்ஸ் நாட்டவர். கவிஞர், இலக்கிய ஆய்வாளர், நாடக ஆசிரியர், திரைப்பட விமர்சகர், அரசியல் கைதி. இத்தனைக்கும் நடுவே கடைசிவரை வாத்தியார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அதுவும் நல்லதுதான், பெரிய மனிதர்களைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் பாதி நேரம் அவர்களுடைய சட்டையைப் பற்றியே பேசுகிறார்கள்.

1. உன் துயரக் கதையை முதலீடாக்காதே. லும்பெரா 1932-ல் படாங்காஸ் மாகாணத்து லிபா ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மரத்திலிருந்து விழுந்து இறந்தார். சில ஆண்டுகளில் அம்மாவைப் புற்றுநோய் கொண்டுபோனது. வளர்த்தது பாட்டி. போர் வந்து ஊரைவிட்டே விரட்டியது; திரும்பி வந்த கொஞ்ச நாளில் பாட்டியும் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு ஞானப்பெற்றோர் வீட்டில் இருந்துதான் படித்தார். இதில் ஒரு நாவலுக்கான கண்ணீர் இருக்கிறது. ஆனால் அவருடைய பெயர் நின்றது இந்தக் கண்ணீரின் மேல் இல்லை. மற்றவர்களுடைய கதைகளைத் தேடிப் படித்ததிலும், படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னதிலும் நின்றது. உனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு கதை உண்டு, எனக்குத் தெரியும். தேவைப்படும்போது ஒருமுறை சொல். ஒவ்வொரு மேடையிலும் சொல்லாதே.

2. மொழிக்காகக் குரல் கொடுப்பதற்கு முன் அந்த மொழியைப் படி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1901-ல் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, துப்பாக்கிக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடத்தையும் அனுப்பியது. இரண்டு தலைமுறைக்குள் படித்தவன் என்றால் ஆங்கிலத்தில் எழுதுகிறவன் என்றாகிவிட்டது. தகாலோக் மொழியில் எழுதினால் அது பத்திரிகைத் தொடர்கதைக்குச் சரி, பல்கலைக்கழகத்துக்கு ஆகாது என்ற எண்ணம். லும்பெராவும் அந்தப் பள்ளியின் பிள்ளைதான். சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் 1954-ல் பட்டம் வாங்கி, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதலில் எழுதியது ஆங்கிலக் கவிதைகள்.

அங்கே ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் கொடுத்த ஆய்வு எதைப் பற்றி என்று நினைக்கிறாய்? 1570 முதல் 1898 வரையிலான தகாலோக் கவிதை. ஸ்பானியப் பாதிரிமார்களின் சமயநூல்களில் ஓரமாக அச்சான செய்யுள்கள், 1605-ல் வெளியான நூலொன்றில் ஒரு வரி தகாலோக்கும் ஒரு வரி ஸ்பானியமுமாக எழுதிய பாகொங்பந்தா என்ற கவிஞர், அங்கிருந்து 1838-ல் பலக்தாஸின் 'புளோரந்தே அட் லௌரா' காவியம் வரை தேடித் தேடிச் சேர்த்தார். ஆங்கிலம் படித்தவர்கள் குப்பை என்று ஒதுக்கிய இடத்தில் முந்நூறு ஆண்டு மரபு இருப்பதைச் சான்றோடு காட்டினார். நூலாக அது 1986-ல்தான் வந்தது. கோஷம் போட ஒரு மாலை போதும். இந்த வேலைக்கு இளமையில் பாதி போய்விடும். அந்தப் பாதியைக் கொடுக்கத் தயாராக இருப்பவன் மொழியைப் பற்றிப் பேசும்போது எதிராளி வாயை மூடிக்கொண்டு கேட்கிறான்.

3. கண்ணுக்குத் தெரிவதை எழுது. அமெரிக்காவிலிருந்து திரும்பி அதெனெயோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த 1960-களில் லும்பெரா, ரோலாண்டோ தினியோ, அவர்களைவிட இளையவரான ஹோசே லகாபா போன்றவர்கள் சேர்ந்து 'பகாய்' என்று பெயர் பெற்ற ஒரு கவிதைப் போக்கைத் தொடங்கினார்கள். அலங்காரச் சொல்லும் பெருமூச்சும் வேண்டாம், பொருளைப் பொருளாகக் காட்டு என்பது அதன் சாரம். பின்னால் இதே ஆட்கள் தெருப் போராட்டத்தைப் பற்றியும் எழுதினார்கள். அப்போது இந்தப் பயிற்சி கைகொடுத்தது. உன் கடைசிக் கவிதையில் 'அடக்குமுறை' மூன்று தடவை வந்திருக்கிறது. அடித்தவனுடைய கை ஒரு தடவைகூட வரவில்லை.

4. மாணவர்கள் உன்னை அசைக்கும்போது நகர்ந்து கொடு. அதெனெயோ ஏசு சபையினர் நடத்தும் பல்கலைக்கழகம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் படிக்கும் மேட்டு நிலத்து வளாகம். 1968-ல் அங்கே ஐந்து மாணவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மலையை விட்டு இறங்கி வா, இந்த நாட்டு மக்களின் பல்கலைக்கழகமாக மாறு என்பது கோரிக்கை. 1970-ன் முதல் மூன்று மாதங்களில் மணிலா தெருக்களில் மாணவர் போராட்டம் வெடித்தது. 1971-ல் நாட்டுக்காக எழுதுவது என்ற உறுதியோடு 'பக்சா' என்ற எழுத்தாளர் அமைப்பு உருவாகி, லும்பெரா அதன் தலைவரானார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் பேராசிரியர்கள் பொதுவாகக் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

5. ஆனால் நீ போகாத இடத்துக்கு மாணவரை அனுப்பாதே. அறிக்கை வெளியிட்ட அந்த ஐந்து பேரில் ஒருவர் எம்மானுவேல் லகாபா, ஹோசே லகாபாவின் தம்பி. அருமையான கவிஞர். பிற்பாடு கெரில்லாக்களோடு மிண்டனாவோ தீவின் காட்டுக்குள் போனார். 1976 மார்ச்சில் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அந்த முடிவு அவருடையது. அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் சொல்ல வருவது ஆசிரியரைப் பற்றி. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் உன் சொல்லுக்கு இருக்கும் எடை உனக்கே தெரியாது. வகுப்பில் நீ வீரமாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய் தோசை சாப்பிடுவாய். அந்தப் பிள்ளை அதை நம்பிப் புறப்பட்டுவிடும். உன் உடம்பு எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும் வார்த்தையை விடு.

6. பயம் வரும். வரட்டும். 1972 செப்டம்பரில் அதிபர் மார்கோஸ் நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பத்திரிகைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. 1981 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர் சிறை வைக்கப்பட்டார்கள், 34,000 பேர் சித்திரவதைக்கு ஆளானார்கள், 3,200-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் கணக்கு. லும்பெரா தலைமறைவானார். 1974 ஜனவரியில் பிடிபட்டார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

அவர் விடுதலைக்காக ஜெனரல் ஃபிடல் ராமோஸுக்குக் கடிதம் எழுதியவர்களில் அவருடைய பழைய மாணவி ஒருவரும் உண்டு, சிந்தியா நோக்ராலெஸ். வெளியே வந்த சில மாதங்களில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். காதல் கதையாக இதைப் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு இதில் தெரிவது வேறு. இராணுவச் சட்டக் காலத்தில் ஒரு கைதியின் பெயரை எழுதி, கீழே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படைத்தளபதி ஒருவருக்கு அனுப்புவது சாதாரணத் துணிச்சல் இல்லை. அந்தத் துணிச்சல் ஒரு மாணவியிடமிருந்து வந்தது. நீ எடுக்கும் பாடம் எங்கே போய் முளைக்கும் என்று உனக்குத் தெரியாது. போகட்டும், நடைமுறைக்கு வருகிறேன்: வழக்கறிஞர் எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிவை, வீட்டில் ஒருவருக்காவது நீ எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. பயத்தை மறைக்கிற ஆள் இதையெல்லாம் செய்யமாட்டான். பயத்தை ஒப்புக்கொள்கிறவள் செய்வாள்.

7. தந்திரம் எழுத்தாளனுக்கு விலக்கப்பட்டதில்லை. பலக்தாஸ் தன் ஊர்க் கொடுமையைச் சொல்ல 'புளோரந்தே அட் லௌரா'வின் கதையை அல்பேனியாவில் நடத்தினார். ஸ்பானியத் தணிக்கை அதைத் தாண்டிப் போகவிட்டது. 1973-ல் மணிலாவின் 'ஃபோகஸ்' இதழில் புரொமித்தியஸைப் பற்றி ஒரு கவிதை வந்தது. ரூபன் கியூவாஸ் என்று யாரோ எழுதியது. அரசுக்கு இணக்கமான இதழ், கிரேக்கப் புராணம், யாருக்கு என்ன சந்தேகம் வரும்? வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகச் சேர்த்துப் படித்தால் மார்கோஸை ஹிட்லர், சர்வாதிகாரி, கைக்கூலி என்று அழைக்கும் தெருக்கோஷம். எழுதியவர் ஹோசே லகாபா. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மறு ஆண்டே அவர் பிடிபட்டு அடிபட்டதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். தந்திரம் ஒரு கவிதையைக் காப்பாற்றும். கவிஞனைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதே.

8. எதிராளியின் மேடை கிடைத்தால் என்ன செய்வது? இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, இளம்பிள்ளைகள் இதற்குத்தான் அவசரமாகப் பதில் சொல்கிறார்கள்.

மணிலா விரிகுடாக் கரையில் பெரிய கலாசார மையம் ஒன்று இருக்கிறது. மார்கோஸின் மனைவி இமெல்டாவின் கனவு, 1969-ல் திறந்தார்கள். வெளியே சேரி, உள்ளே சலவைக்கல் என்று அதைத் திட்டாத எழுத்தாளர் அன்று குறைவு. சிறையிலிருந்து வந்த லும்பெரா அந்த மையத்தின் மேடைக்காகவே எழுதினார். 1977-ல் மிண்டனாவோ மலைவாழ் மக்களின் தொன்மக் கதைகளை வைத்து 'டேல்ஸ் ஆஃப் த மனுவு'. 1980-ல் 'ராமா ஹரி'. ஆமாம், நம் இராமன் கதைதான். லும்பெரா பாடல்களோடு நாடகத்தை எழுத, ரயன் கயாப்யாப் இசையமைக்க, ஆலிஸ் ரேயெஸ் நடனம் அமைத்தார். இராமாயணம் அந்த மண்ணுக்கு முற்றிலும் புதியதும் இல்லை. மிண்டனாவோவின் மரனாவ் முஸ்லிம் மக்களிடம் 'மகாராடியா லவானா' என்று இராவணனின் பெயரிலேயே ஒரு கதை வழங்குகிறது. கம்பனைப் படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும் மனம் கொஞ்சம் அங்கே ஓடிவிடும். அந்த நாடகத்தில் பிரிந்தவரைத் திரும்பி வரச்சொல்லும் ஒரு பாட்டு இன்றும் அந்த நாட்டில் பாடப்படுகிறது.

இராணுவச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே, இமெல்டா கட்டிய அரங்கத்தில், முன்னாள் கைதி எழுதிய நாடகம். விலைபோய்விட்டார் என்று சொல்வாயா? நான் சொல்லமாட்டேன். அவர் அங்கே ஆட்சியைப் புகழ்ந்து ஒரு சொல் எழுதவில்லை. ஆங்கிலமும் ஐரோப்பிய பாலேயும் கோலோச்சிய இடத்துக்குத் தன் மொழியையும் தன் மக்களின் கதையையும் கொண்டுபோனார். அதே காலத்தில் பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு, 1984-ல், அமெரிக்கப் பண்ணைகளில் வதைபட்ட பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களைப் பற்றிய கார்லோஸ் புலோசானின் நூலையும் நாடகமாக்கினார். மேடை யாருடையது என்று கேள். அதற்குப் பிறகு, அங்கே ஏறிய பிறகு எந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் போகிறது என்று கேள். முக்கியமான ஒரு சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் ஏறாதே.

9. முதலில் சாட்சியம், பிறகு கவிதை. லும்பெரா சிறையிலிருந்த அதே 1974-ல் கத்தோலிக்கத் துறவிகள் சேர்ந்து கைதிகளுக்கான ஒரு செயற்குழுவைத் தொடங்கினார்கள். கன்னியாஸ்திரீகள் சிறை சிறையாகப் போய் யார் உள்ளே இருக்கிறார், எப்போது பிடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்று எழுதிவைத்தார்கள். அன்று அதற்கு எந்த நீதிமன்றத்திலும் மதிப்பில்லை. 2013-ல், ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரச் சட்டம் வந்தது. 75,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் 11,103 பேர். தான் பட்டது உண்மை என்று காட்ட ஒரு தாள், ஒரு சாட்சி இல்லாததால் நின்றுபோனவர்கள் அந்த இடைவெளியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

நான் முன்பு போய்வந்த உண்மை அறியும் குழுவில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். வாக்குமூலம் எழுதியதும் சொன்னவருக்கே அதைப் படித்துக் காட்டாமல் நகரமாட்டார். எங்களுக்கெல்லாம் பேருந்து போய்விடுமே என்று கவலை. ஒருநாள் மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவியிடம் படித்துக் காட்டினார். பாதியில் அவள் கையை உயர்த்தினாள். "ஓடலீங்க சாமி. என் பையன் நடந்துதான் போனான்." தப்பி ஓடியவனைச் சுட்டோம் என்பதுதான் எதிர்த்தரப்புக் கதை. அவளுடைய அந்தத் திருத்தத்தில்தான் வழக்கே நின்றது. ஆகவே பெயர், தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று முதலில் எழுது. படித்துக் காட்டு. ஒரு தாயின் அழுகையை நோட்டில் குறிக்கும்போதே அதில் ஒரு நல்ல உவமை தென்பட்டால் பேனாவை மூடு. அன்றைக்கு உனக்கு அங்கே கவிஞர் என்ற வேலை இல்லை.

10. மக்கள் ரசிப்பதை இகழாதே. சிறைமீண்ட இந்தப் பேராசிரியர் 1976-ல் சினிமா விமர்சகர்கள் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் குழு தரும் ஊரியான் விருது இன்றும் அங்கே மதிப்புள்ளது. அது இயக்குநர் லீனோ புரோக்கா மணிலாவின் கூலித் தொழிலாளர்களைத் திரையில் காட்டிய காலம். அந்த புரோக்கா 1985-ல் ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைபோனதற்காகச் சிறைக்கும் போனார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதைப் புரிந்துகொள்ளாமல் ஜனங்களுக்காகப் பேசுகிறேன் என்பது எனக்குப் பொய்யாகவே படுகிறது. உன் மாணவர்கள் கைப்பேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். முகம் சுளிக்காமல் கேள்.

11. சங்கத்தில் சேர், சந்தா கட்டு. உலகத்தின் உரிமைகளைப் பேசிவிட்டு, பக்கத்து மேசையில் தொகுப்பூதியத்தில் இருக்கும் விரிவுரையாளருக்காக வாய் திறக்காதவர்கள் நம்மிடம் ஏராளம். லும்பெரா ஆசிரியர் கூட்டணியிலும் முன்னணியில் இருந்தார், சம்பளக் கோரிக்கைக்கும் நின்றார். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

12. விருது வந்தால் வாங்கிக்கொள். வாயை மட்டும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. 1976-ல் நிக் ஹோவாக்கின் என்ற பெரிய எழுத்தாளருக்கு மார்கோஸ் அரசு தேசியக் கலைஞர் பட்டம் தர விரும்பியது. ஹோசே லகாபாவை விடுதலை செய்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். லகாபா வெளியே வந்தார். விருதை மறுப்பது ஒரு வீரம். இது அதைவிடப் பயனுள்ள வீரம் என்பது என் கட்சி.

லும்பெராவுக்கு 1993-ல் மகசேசே விருது வந்தது. 2006-ல் அதே தேசியக் கலைஞர் பட்டம், அதிபர் அரோயோவின் ஆட்சியில். மூன்றே ஆண்டில், 2009-ல், தேர்வுக் குழு பரிந்துரைக்காத நான்கு பேரை அதிபர் தன் விருப்பப்படி பட்டியலில் சேர்த்தார். பட்டம் வாங்கிய மூத்த கலைஞர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுதாரர்களில் லும்பெராவின் பெயரும் இருந்தது. எந்த ஆட்சியில் மாலை விழுந்ததோ அந்த ஆட்சியின் மேலேயே வழக்கு. 2013-ல் அந்த நான்கு நியமனங்களும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

13. உனக்குப் பிடித்தவரோடும் மாறுபடு. கல்லூரிகளின் கட்டாயப் பாடங்களிலிருந்து ஃபிலிப்பினோ மொழியை நீக்கும் அரசாணை 2013-ல் வந்தது. ஆசிரியர்கள் எதிர்த்துத் திரண்டார்கள். 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டபோது முன்னால் நின்றவர்களில் லும்பெராவும் ஒருவர். வயது 83. முதலில் தடை கிடைத்தது. 2018-ல் வழக்கில் தோற்றார்கள். அந்த வயதில் அந்த நீதிமன்றப் படியேறியதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனாலும் எனக்கு இங்கே ஒரு நெருடல். 170-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது. ஃபிலிப்பினோ என்ற பெயரில் வருவது தகாலோக்தான் என்று செபுவானோக்காரர்களும் இலோகானோக்காரர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தேசிய மொழி என்றதும் தமிழ்நாட்டில் வளர்ந்தவன் காது எப்படி விடைக்கும் என்று உனக்கே தெரியும். ஆங்கிலத்துக்கு எதிரில் நிற்கும்போது ஒடுக்கப்பட்டதாக இருக்கும் மொழி, பக்கத்து வீட்டு மொழிக்கு எதிரில் நிற்கும்போது வேறு முகம் காட்டும். லும்பெராவின் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், முழு நியாயமும் என்று சொல்ல முடியவில்லை. குருவோடு மாறுபட்டால் பக்தி குறைந்துவிடும் என்று பயப்படாதே. நாளைக்கு உன் மாணவர்கள் உன்னோடு மாறுபடும்போதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

14. பாடநூல் எழுதக் கூச்சப்படாதே. கவிஞர்களுக்குப் பாடநூல் என்றாலே இளக்காரம். லும்பெராவும் சிந்தியாவும் சேர்ந்து 1982-ல் பிலிப்பைன்ஸ் இலக்கியத்தின் வரலாறும் தொகுப்புமாக ஒரு நூல் கொண்டுவந்தார்கள். காலனிக் காலத்துக்கு முந்தைய விடுகதையும் பழமொழியும் முதலாக இராணுவச் சட்டக் காலம் வரை ஒரே அட்டைக்குள். கல்லூரிப் பிள்ளைகள் தலைமுறையாக அதைப் புரட்டுகிறார்கள். நமக்கும் ஒரு இலக்கியம் இருந்தது, அதற்கு ஒரு தொடர்ச்சி இருந்தது என்று ஒரு மாகாணத்துப் பிள்ளைக்குச் சொல்வதைவிடப் பெரிய உரிமைப் பணி எது என்று எனக்குத் தெரியவில்லை. அடிமைப்படுத்துகிறவன் முதலில் அந்தத் தொடர்ச்சியைத்தானே மறக்கச் செய்கிறான்.

15. இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதையும் விடவேண்டாம். காலம் உன்னை நெருக்கி, ஒன்றை இறக்கி வைத்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தைக் கொஞ்ச நாள் இறக்கி வை. அது கோபித்துக்கொள்ளாது, திரும்பி வரும். அமைப்பு வேலையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள், அதற்குத்தான் அமைப்பு. வகுப்பறையை மட்டும் விடாதே. சிறையிலிருந்து வந்த லும்பெரா 1976-ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் கரும்பலகை முன்னால் போய் நின்றார். அவருடைய பெரிய நூல்களும் நாடகங்களும் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. கூட்டத்தில் பேசினால் கைதட்டுவார்கள், பத்திரிகையில் எழுதினால் பாராட்டுவார்கள். வகுப்பில் மட்டும்தான் பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, 'புரியலீங்க மேடம்' என்று சொல்லும். உன்னிடம் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

லும்பெரா 2021 செப்டம்பர் 28-ல், 89-வது வயதில் காலமானார். அவருடைய கட்டுரைகளில் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அடுத்த முறை வரும்போது என்னிடம் இருப்பதை எடுத்துப் போ. உன் மாணவர்களின் தேர்வுத்தாள்கள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன என்று உன் அம்மா சொன்னாள். முதலில் அதைத் திருத்தி முடி. கவிதையைப் பிறகு அனுப்பு.